எழுந்து ஓடி வந்ததற்குத்தான் ட்ரீட் கொடுத்திருக்கிறேன்

எங்கள் வீட்டு நாய்க்குப் பெயர் வாலு. பெயருக்கேற்ற குணம்தான். 'சிட்' இரண்டே நாளில் வந்துவிட்டது, ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பது மட்டும் மூன்று வாரமாகியும் வரவில்லை. உட்கார வைத்து, உள்ளங்கையைக் காட்டி "ஸ்டே" என்று சொல்லி, நாலு அடி பின்னால் போய் நின்று "வா" என்பேன், பாய்ந்து வருவான், பரிசாக ஒரு சின்னத் தின்பண்டத்தை, அதாவது ட்ரீட்டைக் கொடுத்துக் கொஞ்சுவேன். அடுத்த முறை நான் இரண்டு அடி வைப்பதற்குள் எழுந்துவிடுவான். அதற்கடுத்த முறை நான் காலைத் தூக்கியதுமே. இவ்வளவு பிடிவாதக்கார நாயைப் பார்த்ததில்லை என்று வீட்டில் எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் போனில் எடுத்த வீடியோவைத் திரும்பப் பார்த்தபோதுதான் உறைத்தது. ட்ரீட் அவன் வாய்க்குப் போவது எப்போது? எழுந்து, ஓடி வந்து, என் காலடியில் நின்ற பிறகு. உட்கார்ந்திருந்த நேரத்தில் அவனுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. பிறகு ஏன் உட்கார்ந்திருக்கப் போகிறான்? நான் 'ஸ்டே' சொல்லித்தருவதாக நினைத்தேன், அவன் 'சீக்கிரம் எழுந்து ஓடு' என்ற பாடத்தை முதல் மதிப்பெண்ணோடு படித்து முடித்திருந்தான்.

பாசிட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் என்று பெரிய பெயர் இருந்தாலும் விஷயம் இவ்வளவுதான்: எந்தச் செயலை ஒட்டி நல்லது கிடைக்கிறதோ அந்தச் செயல் கூடும். 'ஒட்டி' என்பதுதான் முக்கியம், இரண்டு வினாடி தள்ளிப் போனாலே வேறொரு செயலுக்குப் பரிசு போய்விடும். உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1951-லேயே விலங்குகளைப் பழக்குவது பற்றி எழுதிய கட்டுரையில், சரியான நொடியைக் குறித்துக்காட்ட 'க்ளிக்' என்று சத்தம் போடும் விளையாட்டுப் பொருளைப் பயன்படுத்தலாம் என்றார். எனக்கு அதெல்லாம் கைக்குப் பழகவில்லை, வாயால் "எஸ்" என்று சொல்கிறேன். ஆனால் இதற்கு ஒரு வம்பு உண்டு. க்ளிக் கேட்டதும் பயிற்சி முடிந்ததென்று எழுந்துவிடும் நாய்கள் நிறைய, வாலுவும் "எஸ்" கேட்டால் அப்படித்தான். அதனால் ஸ்டேவுக்கு மட்டும் எந்தச் சத்தமும் இல்லாமல், அவன் உட்கார்ந்திருக்கும்போதே திரும்பிப் போய் வாய்க்கு நேராக ட்ரீட்டை நீட்டுகிறேன். பட்டாணி அளவு போதும். கழுத்தை நீட்டி எம்பி வாங்கும்படி இருந்தால் அதுவே எழ வைத்துவிடும்.

முதல் நாள் ஒரே ஒரு வினாடி, அதுவும் நான் நகராமல். ஒரு வினாடி, ட்ரீட். இரண்டு வினாடி, ட்ரீட். சிரிக்காதீர்கள், அங்கிருந்துதான் எல்லாம் வந்தது.

இன்னொரு தப்பு வார்த்தையில் செய்தேன். ஸ்டே எப்போது முடிகிறது என்று நாய்க்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அதுவாக முடிவு செய்துகொள்ளும். முடிக்கும் வார்த்தையாக "சரி" என்று வைத்தேன். ஒரு நாளைக்கு எத்தனை "சரி" சொல்கிறோம் என்று நாய் வளர்த்தால்தான் தெரியும். போனில் யாருக்கோ "சரி, சரி, அப்புறம் பேசலாம்" என்றால் இவன் பின்னால் எழுந்து ஓடிக்கொண்டிருந்தான். இப்போது "ஃப்ரீ". 'ஸ்டே'க்குப் பதில் தமிழில் "இரு" என்று வைக்காததும் இதே காரணத்தால்தான், வீட்டில் யாரைப் பார்த்தாலும் "இரு வர்றேன்" என்கிறோம்.

நேரம், தூரம், சுற்றி நடக்கும் கலாட்டா, இந்த மூன்றையும் ஒரே சமயத்தில் கூட்டக் கூடாது. தூரத்தைக் கூட்டினால் நேரத்தைக் குறைத்துவிட வேண்டும். நேரத்தையும் ஏறுமுகமாகவே கொண்டுபோகக் கூடாது என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. 5, 10, 15, 20 வினாடி என்று போனால் ஒவ்வொரு முறையும் முன்பைவிடக் கஷ்டம்தான் வரப்போகிறது என்று நாய்க்குத் தெரிந்து சலித்துவிடுகிறது. 5, 12, 3, 9, 2 என்று ஏற்றி இறக்கினால் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறான். முதுகைக் காட்டித் திரும்பி நடப்பது அவனுக்குத் தனிப் பாடம். பின்னால் நடந்து பத்து அடி போனாலும் இருந்தவன், நான் திரும்பிய முதல் அடியிலேயே எழுந்தான். கூடத்தில் நன்றாகச் செய்தது வாசலில் பாதிகூட வரவில்லை, இடம் மாறினால் கிட்டத்தட்ட முதலிலிருந்துதான்.

எழுந்துவிட்டால்? ஒன்றும் சொல்லாமல் பழைய இடத்துக்கே கூட்டிப்போய், பாதி நேரம் மட்டும் கேட்பேன். ஒருமுறை கோபத்தில் கத்தினேன், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உதட்டை நக்கினான், அது நாய் பதற்றத்தில் செய்வது. அதற்குப் பிறகு இரண்டு நாள் 'ஸ்டே' என்ற சொல்லைக் கேட்டாலே அதே முகம். "ஒரு தட்டு தட்டினால் தானாக உட்காருவான்" என்று அறிவுரை சொன்ன உறவினருக்கு இந்தக் கதையைத்தான் சொன்னேன். அமெரிக்காவில் விலங்கு நடத்தையைக் கவனிக்கும் கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையும் எல்லா நாய்களுக்கும் பரிசு வழிப் பயிற்சியையே பரிந்துரைக்கிறது. அவர் நம்பவில்லை, அது வேறு.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் செய்வதில்லை. இப்போது காலிங் பெல் அடித்தால் நான் போய்க் கதவைத் திறந்து, பொருளை வாங்கி, கையெழுத்துப் போட்டுத் திரும்பும்வரை பாயிலேயே இருக்கிறான், வால் மட்டும் தரையைப் பெருக்கிக்கொண்டிருக்கும். மதில்மேல் பூனை வந்தால் மட்டும் மூன்று வினாடி. நேற்று நாலு.