12,000 கிலோமீட்டருக்குள் ஒரு மின்சாரக் கார்

என் பழைய டீசல் காரின் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த கிரித்தேர் ஸ்டிக்கரில், அதாவது எவ்வளவு மாசு கக்கும் வாகனம் என்று தரம் பிரிக்கும் ஸ்டிக்கரில், இருந்த இலக்கம் 3. 2025 ஜனவரி 1 முதல் அந்த இலக்கத்தோடு வேலை நாட்களில் காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணி வரை, பாரிஸைச் சுற்றி ஓடும் ஏ86 நெடுஞ்சாலை வளையத்துக்குள் ஓடக்கூடாது என்று பாரிஸ் பெருநகரத்தில் விதி வந்தது. நான் ரன்ஜிஸ் மொத்தச் சந்தையில் மரக்கறிப் பகுதியில் வேலை செய்பவன். பாரிஸ் புறநகரான பொண்டியில் இருக்கும் வீட்டிலிருந்து நள்ளிரவு கடந்து புறப்படும்போது ரயிலும் இல்லை, பஸ்ஸும் சரிவராது. வேலைக்குப் போகும் ஏ86 வீதிக்குத் தடை இல்லை என்பது உண்மைதான். ஆனால் பகலில் பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலுக்குப் போய் அரிசி மூட்டை ஏற்றி வருவது எப்படி? தொடக்கத்தில் தண்டம் போடாமல் விட்டார்கள். கார் அதற்குள் தானாகவே மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது.

புதுக் கார், அதுவும் மின்சாரக் கார் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை என்றுதான் வீட்டில் பேச்சு. குறைந்த வருமானக்காரர்களுக்கு மாதம் 100 யூரோவுக்கு மின்சாரக் கார் என்ற 'சமூக லீசிங்' திட்டத்தை அரசாங்கம் 2024 ஜனவரியில் தொடங்கியது. ஆட்கள் முண்டியடித்தார்கள். 50,000 கார் என்ற அளவோடு பிப்ரவரியிலேயே கதவை மூடிவிட்டார்கள். 2025 செப்டம்பர் 30 அன்று மறுபடி திறந்தபோது காசு வரும் வழி மாறியிருந்தது. முன்பு ஒரு காருக்கு 13,000 யூரோ வரை அரசு கொடுத்தது. இப்போது மின்சாரம், எரிபொருள் விற்கும் நிறுவனங்கள் சட்டப்படி கொடுக்க வேண்டிய பணத்திலிருந்து 7,000 யூரோ வரை. ஆகவே வாடகை கொஞ்சம் ஏறியிருந்தது. என்னுடையது மாதம் நூற்றுச் சொச்சம் யூரோ, மூன்று வருட ஒப்பந்தம். முற்பணம் என்று கையிலிருந்து எதுவும் போகவில்லை. இன்சூரன்ஸ் தனி.

அந்த 2025 சுற்றில் தகுதி என்னவென்றால், வரி அறிவித்தலில் உள்ள குறிப்பு வருமானத்தைக் குடும்பப் பங்குகளால் வகுத்தால் 16,300 யூரோவைத் தாண்டக்கூடாது. இங்கேதான் பலர் கணக்குப் பார்க்காமலே விலகிப் போகிறார்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால், பிள்ளைக்கு அரைப் பங்கு வீதம், மூன்று பங்கு. அதாவது 48,900 யூரோ வரை போகலாம். பிரான்சின் குடும்பங்களில் வருமானம் குறைந்த பாதி இதற்குள் அடங்கும். இது பிச்சைக் காசுத் திட்டம் இல்லை என்று என் மச்சானுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு தனிக் கதை.

இரண்டாவது நிபந்தனை தூரம். வீட்டிலிருந்து வேலையிடம் 15 கிலோமீட்டருக்கு மேல் இருந்து சொந்தக் காரில் போய்வர வேண்டும், அல்லது வேலைக்காகவே வருடம் 8,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். பொண்டியிலிருந்து ரன்ஜிஸ் 25 கிலோமீட்டருக்குக் குறையாது. கவலையே இல்லை என்று நினைத்தேன். விற்பனை நிலையத்தில் என் சம்பளச் சீட்டை வாங்கிய பெண் அதன் மேல்மூலையில் அச்சடித்திருந்த முகவரியைக் கணினியில் தட்டினார். அது முதலாளியின் அலுவலகம் பதிவாகியிருக்கும் பாரிஸ் முகவரி. திரையில் 11 கிலோமீட்டர் என்று வந்தது. "ஐயா, உங்களுக்குத் தகுதி இல்லை" என்றார், மிக மரியாதையாக.

நான் பெட்டி தூக்கும் இடம் எது என்று அந்தச் சீட்டில் ஒரு வரிகூட இல்லை. முதலாளியிடம் கடிதம் கேட்டேன். அவர் எழுதித் தந்த முதல் கடிதத்தில் 'எங்கள் நிறுவனத்தில் பணிபுரிகிறார்' என்று மட்டும் இருந்தது. பிறகு நானே ஒரு மாதிரி எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன்: வேலை செய்யும் இடத்தின் முழு முகவரி, வாரத்தில் எத்தனை நாள், வேலை தொடங்கும் நேரம், சொந்த வாகனத்தில் வருகிறார் என்ற வரி, முத்திரை, கையெழுத்து. அது செல்லுபடியானது. ஏஜென்சி மூலமாகவோ துப்புரவு நிறுவனங்களிலோ வேலை செய்பவர்களுக்கும் இதே சிக்கல் வரும். கார் பார்க்கப் போவதற்கு முன்பே இந்தக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்ச் சிக்கல் நம்மவர்களுக்குப் பழகிப்போனது. வதிவிட அட்டையில் அப்பா பெயர் முன்னால், வரி அறிவித்தலில் பின்னால். இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். கூட வேலை செய்யும் தம்பி ஒருவனுக்கு அவ்வளவு எளிதாக முடியவில்லை. அவனுடைய அட்டை ஒப்பந்தக் காலத்துக்குள் முடிகிறது என்று நிதி நிறுவனம் மறுத்துவிட்டது.

எந்தக் காரும் எடுக்கலாம் என்றில்லை. தயாரிப்பிலும் கப்பலில் கொண்டுவருவதிலும் வெளியாகும் கரியமில வாயுவைக் கணக்கிட்டு மதிப்பெண் போடுகிறார்கள். இந்தக் கணக்கில் சீனாவில் செய்யப்படும் டாசியா ஸ்பிரிங் போன்ற மலிவுக் கார்களே அடிபட்டுப் போகின்றன. நான் பார்த்தவை இரண்டு: பிரான்சின் வடக்கே டுவேயில் செய்யப்படும் ரெனோ 5, சுலோவாக்கியாவின் திர்னாவாவில் செய்யப்படும் சித்ரோன் ஈ-சி3. ரெனோ 5 பார்க்க வடிவு. ஆனால் வளர்ந்த மகனைப் பின்னால் உட்காரச் சொன்னேன். முழங்கால் முன் இருக்கையில் முட்டியது. சித்ரோனை எடுத்தோம்.

மலிவை எங்கே பிடித்தார்கள் என்பது அதன் அடிப்படை மாடலில் ஏறி உட்கார்ந்தால் தெரியும். நடுவில் திரை கிடையாது. கைபேசியைப் பொருத்த ஒரு தாங்கி இருக்கிறது, வழிகாட்டியும் பாட்டும் அதிலேதான். வேகம் காட்டுவது கண்ணாடிக்குக் கீழே ஒரு ஒடுங்கிய பட்டி. பேட்டரி 44 கிலோவாட் மணி, விலை குறைந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. ஏட்டில் 320 கிலோமீட்டர். குளிரில் ஏ86 வேகத்தில் அது ஏட்டோடு சரி. எனக்கு இரண்டு மூன்று நாளுக்குப் போதும்.

ஐரோப்பிய நிறுவனங்கள் திடீரென்று சின்னக் கார் மேல் பாசம் வைத்ததற்குக் காரணம் நம் பையைப் பற்றிய கவலை இல்லை. விற்கும் புதுக் கார்களின் கிலோமீட்டருக்கான சராசரிக் கரியமில வாயு வெளியீடு ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பைத் தாண்டினால், ஒவ்வொரு கிராமுக்கும் ஒரு காருக்கு 95 யூரோ தண்டம். 2025 இல் அந்த வரம்பு இறுகியது. நிறுவனங்கள் கத்தியதால் 2025, 2026, 2027 மூன்று வருடச் சராசரியாகக் கணக்குப் பார்க்கலாம் என்று தளர்த்தினார்கள். விற்பனை நிலையத்துப் பெண் என் கடிதங்களோடு அவ்வளவு பொறுமையாக மல்லுக்கட்டியது இதனால்தானோ என்னவோ.

ஒப்பந்தத்தில் எனக்கு எரிச்சல் தந்த இடம் ஒன்றுதான். நீண்ட தூரம் ஓடுபவனுக்கே கார் என்று சொல்லி உள்ளே விட்டார்கள். அந்த வாடகையோ வருடம் 12,000 கிலோமீட்டருக்குத்தான். 25 கிலோமீட்டர் போக, 25 வர, வருடத்தில் 230 வேலை நாள் என்று வையுங்கள்: 11,500. மிச்சமுள்ள 500 கிலோமீட்டரில் கோயில், கல்யாணம், மருத்துவமனை எல்லாம் அடங்க வேண்டும். தாண்டினால் கிலோமீட்டர் கணக்கில் காசு. கூடுதல் தூரத்துக்கு மாதம் எவ்வளவு என்று கேட்டு, அதைக் கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டேன். விளம்பரத்தில் பார்த்த வாடகை அங்கே உயர்ந்தது. அப்படியும் கிலோமீட்டரை மிச்சம் பிடிக்க, இப்போது ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டுக்குப் போக மனைவியின் நவிகோ ரயில், பஸ் பயண அட்டைதான்.

கடைசியாக, காரைச் சார்ஜ் செய்யும் பிளக். நாங்கள் வாடகைக்கு இருப்பவர்கள். கார் நிறுத்துமிடம் நிலத்தடியில். சொந்தச் செலவில் பிளக் போட்டுக்கொள்ளும் உரிமையைச் சட்டம் வாடகைக்காரருக்கும் தந்திருக்கிறது. வீட்டுக்காரருக்குப் பதிவுத் தபால், கட்டட நிர்வாகத்துக்குப் பிரதி, கூடவே மின்பணியாளர் தந்த வேலை விவரமும் வரைபடமும். எதிர்ப்பு இருந்தால் மூன்று மாதத்துக்குள் அவர்கள் நீதிமன்றம் போக வேண்டும். சும்மா "முடியாது" என்று சொல்ல முடியாது. எங்கள் கட்டட நிர்வாகமோ தொலைபேசியில் சொன்னது அந்த 'முடியாது'தான். பதிவுத் தபாலின் பச்சை ரசீதைப் படம் எடுத்து அனுப்பியதும் பேச்சு மாறியது. சுவரில் இப்போது ஒரு வலுவான பிளக் பாயிண்டும் அருகே துணை மீட்டரும் இருக்கின்றன. வேலையால் வந்து காலையில் சொருகிவிட்டுப் படுத்தால் எழும்பும்போது ஏறியிருக்கும். துணை மீட்டர் யூனிட்டை மட்டுமே எண்ணுகிறது, இரவு மலிவு நேரச் சலுகை அதில் கிடையாது. இரவில் வேலைக்குப் போகிற எனக்கு அதில் நட்டமும் இல்லை.

மச்சான் இப்போது விசாரிக்கிறான். சுலோவேனியாவில் செய்யும் புதிய ரெனோ டுவிங்கோவை 20,000 யூரோவுக்குள் தருவதாக அறிவித்திருக்கிறார்கள். வருமான வரம்பைத் தாண்டுபவர்கள் அதைப் பார்க்கலாம். அவசரம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி: 2024 இல் போன அந்த 50,000 கார்களின் மூன்று வருட ஒப்பந்தங்கள் 2027 இலிருந்து முடிகின்றன. அவற்றில் பெரும்பகுதி பாவித்த கார் சந்தைக்கு வரும். வாங்கும்போது பேட்டரியின் நலச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.