கெரிச்சோவிலும் தேயிலைதான்

கட்டாரில் எங்கள் அண்ணனுடன் அறையில் இருப்பவன் கென்யாவின் கெரிச்சோக்காரன். அதுவும் தேயிலை மலைதான். கொழுந்து பறிக்கும் இயந்திரங்களால் வேலை போகிறதென்று 2023 மே மாதம் தொழிலாளர்கள் சிலவற்றைக் கொளுத்திய ஊர். எங்கள் இலங்கை மலையகத்து அட்டனில் அப்படி நடந்திருந்தால் என்று யோசித்துப் பார்த்தேன்.

2024 ஜூனில் புதிய வரிகளுக்கு எதிராக இளைஞர்கள் கென்யத் தலைநகர் நைரோபியில் பாராளுமன்றத்துக்குள்ளேயே நுழைந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்தார்கள். மறுநாளே ஜனாதிபதி ரூட்டோ சட்டமூலத்தில் கையெழுத்திட மாட்டேன் என்றார். 2022இல் கொழும்பு காலிமுகத்திடல் போராட்டத்துக்குப் போன அண்ணன் அந்த வீடியோவை எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தான். வரி போனது சரி, வேலை?

அந்தக் கெரிச்சோப் பையன் பட்டதாரி. ஊரில் பொடா பொடா, அதாவது மோட்டார் சைக்கிள் டாக்சி, ஓட்டினானாம். கோழிப்பண்ணை போட ஆசை. அண்ணனுக்கு பேக்கரி. தோட்டத்து லயத்துக் காம்பராவை, அதாவது வரிசை வீட்டு அறையை, ஈடாகக் காட்டினால் எந்த வங்கி கடன் தரும்?