ஏ-லெவல் அரசியல், மூன்றாம் வினாத்தாள்: பிரித்தானிய, அமெரிக்க மக்கள் இயக்கங்களை ஒப்பிட்டு எழுதுதல்

பிரித்தானியத் தேர்வு வாரியமான எட்எக்செல் நடத்தும் ஏ-லெவல் (பள்ளி இறுதித் தேர்வு) அரசியல் பாடத்தின் மூன்றாம் வினாத்தாளுக்கு அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, இரு நாடுகளின் அரசியல் பண்பாட்டையும் மக்கள் இயக்கங்களையும் ஒப்பிடச் சொல்லும் வினா மிக எளிதாகத் தோன்றும். பிரித்தானியர் அடக்கமானவர்கள், அமெரிக்கர் துடிப்பானவர்கள் என்று தொடங்கினால் இரண்டு பக்கம் தானாகவே நிரம்பிவிடும், புள்ளிகள்தாம் நிரம்புவதில்லை. இவ்வினாத்தாளை எழுதியபின் பல்கலைக்கழகத்திலும் அரசியலையே படித்துவரும் எனக்கு ஒரு வழிதான் சரியெனப் படுகிறது. ஒரு வேறுபாட்டைக் கண்டவுடன் அதை மக்களின் குணத்தோடு முடிச்சுப் போடாமல், சட்டமும் தேர்தல் முறையும் அதற்கு எவ்வளவு தூரம் காரணம் என்று முதலில் பாருங்கள். அவற்றால் விளக்க முடியாமல் எஞ்சுவதை மட்டும் பண்பாட்டின் கணக்கில் எழுதுங்கள்.

பிரித்தானியர் பணிவானவர்கள் என்ற கருத்துக்குக் கல்விசார் அடிப்படை இல்லாமல் இல்லை. கேப்ரியல் ஆல்மண்டும் சிட்னி வெர்பாவும் 1963-இல் வெளியிட்ட ஐந்து நாட்டு ஆய்வு, பிரித்தானியரின் குடிமைப் பண்பாட்டில் ஆட்சியாளர்மீதான மதிப்பு மேலோங்கியிருப்பதாகவும், அமெரிக்கரிடம் பங்கேற்கும் விருப்பம் மேலோங்கியிருப்பதாகவும் கூறியது. அதை ஒரு வரியில் குறிப்பிடலாம். ஆனால் அதே பிரித்தானியாவில்தான் 1990-இல் தலைவரிக்கு (வயதுவந்த ஒவ்வொருவர்மீதும் விதிக்கப்பட்ட உள்ளூராட்சி வரிக்கு) எதிராகப் பெருந்தொகையானோர் வரி கட்ட மறுத்தனர். அவ்வாண்டு மார்ச் 31 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரம் மூண்டது. நவம்பரில் மார்கரெட் தாட்சர் பதவி விலகினார். 1993-இல் அந்த வரியே நீங்கிவிட்டது. அதற்கு மாறாக, 2003 பெப்ரவரி 15 அன்று இலண்டனில் ஈராக் போருக்கு எதிராகப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டதாக மதிப்பிடப்பட்டும், அடுத்த மாதமே போர் தொடங்கியது. தலைவரி மறுப்பு உள்ளூராட்சி மன்றங்களின் வருவாயையும் ஆளுங்கட்சி உறுப்பினர்களின் தொகுதிகளையும் நேரடியாகத் தாக்கியது. போர் பற்றிய முடிவோ பாராளுமன்றப் பெரும்பான்மையுள்ள அரசின் கையில் இருந்தது. 2009 ஏப்ரலில் தொடங்கி, இலங்கைப் போரை நிறுத்தக் கோரிப் பாராளுமன்றச் சதுக்கத்தில் நம் தமிழர்கள் வாரக்கணக்கில் நடத்திய போராட்டத்தையும் இந்த வரிசையில் வைத்து எழுதலாம். நம்முடைய வரலாறு என்பதற்காக மட்டும் அதைச் சேர்த்தால் புள்ளி கிடைக்காது. வெளியுறவு முடிவுகள் நிர்வாகத்தின் பிடியில் இருக்கும்போது தெருப் போராட்டத்தின் எல்லை எது என்பதைக் காட்டுவதற்காகச் சேர்த்தால் கிடைக்கும்.

களப்பணியின் தன்மையே நாட்டுக்கு நாடு மாறுவதற்கும் விதிகளே பெருமளவு காரணம். பிரித்தானியாவில் உள்ளூராட்சி மன்றத்தின் தேர்தல் பதிவு அலுவலர் ஆண்டுதோறும் வீடுகளுக்குப் படிவம் அனுப்பிப் பட்டியலைச் சரிபார்க்கிறார். ஆகவே கட்சித் தொண்டர் வீடுவீடாகச் செல்வது, யார் நம் பக்கம் என்று குறித்துக்கொண்டு, தேர்தல் நாளன்று இன்னும் வாக்களிக்காத ஆதரவாளரை வாக்குச்சாவடிக்கு அனுப்பி வைப்பதற்காகவே. அமெரிக்காவின் பல மாநிலங்களில் பதிந்துகொள்ளும் பொறுப்பு பெரிதும் குடிமகனையே சார்ந்திருந்ததால், வாக்காளரைப் பதிவுசெய்வதே அங்கு ஓர் இயக்கமாக வளர்ந்தது. 1964 கோடையில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களைப் பதிவுசெய்யச் சென்ற இளைஞர்களில் மூவர் கொல்லப்பட்டதும், மறு ஆண்டே வாக்குரிமைச் சட்டம் வந்ததும் இந்தப் பின்னணியில் எழுதப்பட வேண்டியவை.

கட்சிக்குள் நுழையும் வழியும் அப்படித்தான். அமெரிக்காவில் வேட்பாளரைப் பிரைமரித் தேர்தலில் வாக்காளரே தேர்ந்தெடுப்பதால், உள்ளூர்க் கோபம் ஒரு தொகுதியில் வெடித்தாலே போதும். பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவராக இருந்த எரிக் கேன்டர் 2014-இல் வர்ஜீனியாவில் அப்படித்தான் தோற்றார். 2018-இல் நியூயோர்க்கில் சனநாயகக் கட்சியின் மூத்த உறுப்பினர் ஜோ கிரௌலியை அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் வீழ்த்தினார். பிரித்தானியத் தொண்டருக்கு அத்தகைய வாசல் குறைவு. ஆனால் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு அவரிடம் இருக்கிறது. 2015-இல் மூன்று பவுண்டு கட்டியவர்களும் வாக்களித்த தொழிற்கட்சித் தேர்தலில் ஜெரமி கோர்பின் வென்றதும், 2022-இல் பழமைவாதக் கட்சி உறுப்பினர்கள் லிஸ் டிரஸைப் பிரதமராக்கியதும் இதனால்தான். அமெரிக்கத் தொண்டர் தொகுதி தொகுதியாகக் கட்சியைப் பிடிக்கிறார். பிரித்தானியத் தொண்டருக்கு வாய்ப்புக் கிடைத்தால் உச்சியையே பிடிக்கிறார். இந்த வேறுபாட்டை நான் எந்தக் குறிப்பேட்டிலும் கண்டதில்லை. எழுதிப் பாருங்கள், விடை தனித்து நிற்கும்.

இரண்டாம் பகுதி வினாவில் கட்டமைப்பு, பகுத்தறிவு, பண்பாடு ஆகிய மூன்று ஒப்பீட்டு அணுகுமுறைகளில் ஒன்றையேனும் பயன்படுத்தியாக வேண்டும். மூன்றுக்கும் ஒருசேரப் பயன்படும் எடுத்துக்காட்டு துப்பாக்கிக் கட்டுப்பாடு. ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 1996 மார்ச் 13 அன்று 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்ட பின்னர், உள்ளூர்ப் பெற்றோர் தொடங்கிய மனுவில் ஏழு இலட்சம் பேரளவில் கையொப்பமிட்டனர். 1997-இல் இரண்டு சட்டங்கள் வழியாகக் கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டன. அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் 2012 டிசம்பரில் 20 குழந்தைகளும் 6 பணியாளர்களும் கொல்லப்பட்டனர். துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிப்பதை விரிவாக்கும் முன்மொழிவு 2013 ஏப்ரலில் செனட்டில் 54 வாக்குகள் பெற்றும், 60 தேவைப்பட்டதால் தோற்றது. இது கட்டமைப்பு: அங்கே ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தமும் செனட்டின் விதியும் குறுக்கே நிற்கின்றன, இங்கே பாராளுமன்றத்தில் பெரும்பான்மை இருந்தாலே போதும். துப்பாக்கி என்ற ஒரே விடயத்துக்காக வாக்கை மாற்றக்கூடிய சிறுபான்மைக்கு, ஆதரவாகத் தலையசைக்கும் பெரும்பான்மையைவிடச் செனட்டர் அதிகம் அஞ்சுவது பகுத்தறிவு அணுகுமுறை. ஆயுதம் வைத்திருப்பதைத் தனிமனித உரிமையாகவே பலர் கருதுவது பண்பாடு. அந்த உணர்வு பிரித்தானியாவில் பெரிதாக இல்லை என்பதை எந்தச் சட்ட விதியாலும் முழுமையாக விளக்க முடியாது.

அமெரிக்க இயக்கம் தோற்றுவிட்டது என்று இங்கே எழுதிவிட வேண்டாம். பார்க்லண்ட் பள்ளிப் படுகொலை 2018 பெப்ரவரியில் நடந்தது. மாணவர்கள் மாநிலத் தலைநகருக்கே சென்று போராடியதை அடுத்து, ஃபுளோரிடா மாநிலம் மார்ச்சிலேயே துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தியது. வாஷிங்டனில் கதவு மூடினால் மாநிலத்தில் தட்டலாம் என்பது கூட்டாட்சியின் இயல்பு.

பணம் பற்றிச் சுருக்கமாக எழுதினால் போதும். பிரித்தானியாவில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கட்டண அரசியல் விளம்பரத்துக்கு இடமில்லை; அமெரிக்காவில் 2010-இன் சிற்றிசன்ஸ் யுனைட்டட் தீர்ப்பு, நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சுயேச்சையாகச் செய்யும் தேர்தல் செலவுக்கு இருந்த தடையை நீக்கியது. நீதிமன்றம் பற்றி எழுதும்போது பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பான 1954-இன் பிரவுண் வழக்கைக் காட்டி, பாராளுமன்றச் சட்டத்தைப் பிரித்தானிய நீதிமன்றம் செல்லாததாக்க முடியாது என்பதை எதிர்ப்புறம் வையுங்கள்.

நேரக் கணக்கும் முக்கியம். 2 மணி நேரத்தில் 84 புள்ளிகள். ஆகவே 12 புள்ளி வினாவுக்கு ஏறத்தாழ 17 நிமிடங்கள்தாம் உண்டு. அதில் அறிவுக்கும் பகுப்பாய்வுக்கும் மட்டுமே புள்ளி. எந்த நாட்டு முறை சிறந்தது என்ற தீர்ப்பைத் தேர்வாளர் அங்கே கேட்பதில்லை, அதை 30 புள்ளிக் கட்டுரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பந்தியில் அமெரிக்கா, அடுத்த பந்தியில் பிரித்தானியா என்று பிரிக்காமல், ஒவ்வொரு பந்தியிலும் இரு நாடுகளையும் எதிரெதிரே நிறுத்துங்கள். மூன்று பந்திகள் போதும், முன்னுரை தேவையில்லை.