எதிர்ப்புச் செல்கள் இல்லாமல் கரு தங்குவதில்லை

கருவிலுள்ள மரபணுக்களில் பாதி தந்தையுடையவை, தாயின் உடலுக்கு அது அந்நியம், அதனால் அவளுடைய நோய் எதிர்ப்பு மண்டலம் அடங்கிக் கிடந்தால்தான் கரு பிழைக்கும். நானும் பல வருடம் இதை அப்படியே நம்பினேன். வேறொருவரின் தோலை ஒட்டினால் உதறித் தள்ளும் உடல் கருவை மட்டும் எப்படி விட்டுவைக்கிறது என்று பிரிட்டிஷ் உயிரியலாளர் பீட்டர் மெடவார் 1953இல் கேட்டார், அங்கிருந்து வந்த எண்ணம் இது. கேள்வி அருமையானதுதான். ஆனால் சுண்டெலிகளில் நடந்த சோதனைகளைப் படிக்கப் படிக்க, "அடங்கிக் கிடப்பது" என்ற பேச்சே பொருந்தவில்லை.

இணைசேர்ந்த சில மணி நேரத்திலேயே பெண் சுண்டெலியின் கருப்பைக்குள் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் திரண்டு வந்துவிடுகின்றன, மேக்ரோபேஜ், டென்ட்ரிடிக் என்ற வேறு எதிர்ப்புச் செல்களும் கூடவே பெருகுகின்றன, பார்த்தால் அசல் அழற்சி மாதிரியே இருக்கும். இதைக் கிளப்பிவிடுவதில் பெரும்பங்கு விந்துத் திரவத்துக்கு. அதிலுள்ள டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் கருப்பையின் உட்படலத்தைத் தூண்ட, அது ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற இன்னொரு புரதத்தைச் சுரந்து இந்தச் செல்களை அழைக்கிறது. அதே ஜிஎம்-சிஎஸ்எஃப்பைத் ஆய்வகத் தட்டில் வளரும் கருக்களுக்குக் கொடுத்தால் அவையும் நன்றாக வளர்கின்றன! படையைக் கூப்பிடும் பொருளே கருவையும் வளர்க்கிறது.

அப்புறம் ரெகுலேட்டரி டி செல்கள். தாக்குதலைத் தணிப்பவை இவைதான். இவற்றை நீக்கினால், வேறு மரபின ஆண் சுண்டெலியிடமிருந்து வந்த கருக்கள் அழிந்துபோகின்றன, தாயின் மரபினமே தந்தையுடையதும் என்றால் கருக்கள் தப்பிக்கின்றன. 2004இல் வெளியான ஆய்வு இது. இதோடு நின்றிருந்தால் பழைய கதையே சரி என்று நானும் விட்டிருப்பேன்.

என்னை மாற்றியது மேக்ரோபேஜ் சோதனை. கருவுறும் சமயத்தில் மேக்ரோபேஜ்களை அழித்தார்கள். கரு கருப்பையில் பதியவே இல்லை. சரி, தாயின் உடல் தாக்கியிருக்கும் என்று நினைப்போம் இல்லையா? நடந்தது வேறு. சினைப்பையில் முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகி, கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரான் ஹார்மோனைச் சுரக்கும் கார்பஸ் லூட்டியத்தின் நுண்ணிய ரத்தக் குழாய் வலை சிதைந்துபோய், புரோஜெஸ்டிரான் விழுந்துவிட்டது. வெளியிலிருந்து புரோஜெஸ்டிரான் கொடுத்ததும் கரு பதிந்தது. அதாவது சினைப்பையில் ரத்தக் குழாய்களைத் தாங்கிப் பிடித்திருந்ததே இந்தச் செல்கள்தான். டென்ட்ரிடிக் செல்களை நீக்கியபோதும் இதே மாதிரிதான், தாயும் தந்தையும் ஒரே மரபினமாக இருந்தும் கருப்பைச் சுவர் கருவை ஏற்கத் தயாராகவில்லை. அங்கே அந்நியம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

"இயற்கைக் கொல்லி" என்று பெயர் வைத்திருக்கிறோமே, அந்தச் செல்களும் கருப்பையில் கொலை செய்வதில்லை. இன்டர்ஃபெரான்-காமா என்ற புரதத்தைச் சுரந்து, நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகளை அகலமாக்குகின்றன. அவை இல்லாத சுண்டெலிகளில் அந்தத் தமனிகள் தடித்த சுவரோடு குறுகலாகவே இருந்துவிடுகின்றன.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் அக்கா. இரண்டு முறை கரு கலைந்த பிறகு யாரோ அவளிடம் "உன் உடம்பே குழந்தையை எதிர்க்குது" என்று சொல்லிவிட்டார்கள், அதை அவள் வருடக்கணக்காகத் தன் குற்றமாகச் சுமந்துகொண்டிருந்தாள். சுண்டெலியின் முடிவை அப்படியே மனிதருக்குத் தூக்கிவைக்க முடியாது. சுண்டெலியில் கரு வந்து தொட்ட பிறகுதான் கருப்பைச் சுவர் உருமாறும், பெண்களுக்கோ கரு இல்லாத மாதத்திலும் அந்த மாற்றம் தொடங்கிவிடும். அவளுக்கு ஏன் அப்படி ஆனது என்பதற்கு இந்தச் சோதனைகளில் பதில் கிடையாது, அதையும் அவளிடம் சொன்னேன். ஆனாலும் மேக்ரோபேஜ் கதையை முழுதாகச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "ரத்தக் குழாயைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.