வாக்கு மட்டும் போதவில்லை

ஒரு திட்டம் வேண்டும் என்று மக்கள் வாக்களித்துவிட்டால், அதற்காகக் குரல் கொடுக்கும் தொண்டு அமைப்புகளின் வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால், எனக்கு அமெரிக்காவின் மிசௌரி மாநிலம்தான் நினைவுக்கு வரும். குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிகெய்ட். அதை வறுமைக்கோட்டு வருமானத்தில் 138 சதவீதம் வரை உள்ளவர்களுக்கும் தர வேண்டும் என்று 2020 ஆகஸ்டில் அங்கே மக்களே வாக்களித்தார்கள். மாநில அரசியல் சாசனத்திலும் ஏறிவிட்டது. சரி, இனி கவலையில்லை என்றுதானே நினைப்போம்? அடுத்த ஆண்டு சட்டமன்றம் அதற்குப் பணமே ஒதுக்கவில்லை!

அப்புறம் மூன்று பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். காப்பீட்டுக்குத் தகுதி இருந்தும் கிடைக்காதவர்கள். 2021 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் மக்கள் தீர்ப்பு செல்லும் என்றது. விண்ணப்பங்களைப் பரிசீலிக்க அக்டோபர் ஆகிவிட்டது. அந்த மாதங்களில் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டவர்களை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.