ரீச்சர் எழுதச் சொன்ன கூட்டறிக்கை

ஊரிலிருந்து வரும் விருந்தினரை நயாகராவுக்குக் கூட்டிப் போகாத எங்கள் ஆட்களின் வீடு ரொறன்ரோவில் இராது. அந்த நெடுஞ்சாலை ஹமில்ரனைத் தாண்டியதும் ஸ்ரோனி கிறீக் வரும். வலது கைப்பக்கத்து மேட்டில் ஒரு பழைய பண்ணை வீட்டை நூதனசாலையாக வைத்திருக்கிறார்கள். ஏர்லண்ட் லீ குடும்பத்தின் வீடு அது. அங்குள்ள சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான், கிராமத்துப் பெண்களுக்கான 'விமென்ஸ் இன்ஸ்ரிரியூற்' என்ற சங்கத்தின் முதல் யாப்பை, அதாவது அதன் சட்டவிதிகளை, 1897இல் கையால் எழுதினார்கள். நயாகராவுக்குப் போகும் எங்கள் பழைய மாணவிகள் ஒரு தடவையாவது அங்கே இறங்கி அந்த மேசையைப் பார்க்க வேண்டும்.

அந்தச் சங்கத்துக்கு வித்திட்டவர் அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற ஹமில்ரன் பெண்மணி. 1889இல் அவருடைய கைக்குழந்தை இறந்துபோனது. கெட்டுப்போன பால்தான் பிள்ளையைக் கொண்டுபோனது என்று தாய் நம்பினார். வீட்டுச் சுகாதாரத்தையும் சமையலையும் தையலையும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே படிப்பிக்க வேண்டும் என்று அதன்பின் ஊர் ஊராகப் பேசித் திரிந்தார். 1897 பெப்ரவரி 19ஆம் திகதி இரவு, அந்தக் குளிரிலும், நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் ஸ்ரோனி கிறீக்கில் கூடினார்கள். சங்கம் பிறந்தது. 1915இல் அது கடல் தாண்டி வேல்ஸில் வேர்விட்டு, பிரித்தானியா முழுவதும் பரவியது.

எனக்கு இந்தக் கதையின் வாலைக் காட்டியவர் எங்கள் மனையியல் ரீச்சர். அவர் ஸ்ரோனி கிறீக்கைப் பற்றிச் சொல்லவில்லை; டொக்டர் மேரி ரட்ணத்தைப் பற்றிச் சொன்னார். சுகாதாரப் பாடம் தொடங்கினால் எப்படியோ அந்தப் பெயர் வந்துவிடும். ஒன்ராறியோவில் பிறந்து ரொறன்ரோவில் மருத்துவம் படித்த மேரி அர்வின், யாழ்ப்பாணத்தில் மிஷன் வைத்தியராக வேலை செய்ய 1896இல் இலங்கைக்கு வந்தவர். ரட்ணம் என்ற தமிழரைக் கலியாணம் செய்தபடியால் மிஷன் அவரை ஏற்கவில்லை. அவர் கனடாவுக்குத் திரும்பிப் போகவில்லை. கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுகாதார நூல் எழுதினார், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1927இல் எழுந்த சங்கத்தில் முன்னுக்கு நின்றார். தன் பிறந்த நாட்டு மாதர் சங்கத்தை மாதிரியாக வைத்து 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். 1958இல் ஆசியாவின் பெரிய விருதான மக்சேசே விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர்களில் வினோபா பாவேயும் ஒருவர், எண்பத்தைந்து வயது மேரி ரட்ணமும் ஒருவர்.

"அவ ஊசி போட்டிட்டுப் போயிருந்தா ஆயிரம் பேரைச் சுகமாக்கியிருப்பா. சங்கத்தை அந்தந்த ஊர்ப் பொம்பிளையளிட்டக் குடுத்தா. அதுதான் இண்டைக்கும் நடக்குது" என்பார் ரீச்சர்.

ரீச்சர் இதை வெறும் கதையாகச் சொல்லிவிட்டுப் போகிறவர் இல்லை என்பது அவரிடம் படித்த எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை மாணவர் மன்றக் கூட்டத்தில் தலைவியும் செயலாளரும் நாங்களே. தேவாரம், வரவேற்பு, சென்ற கூட்டறிக்கை வாசித்தல், முன்மொழிதல், வழிமொழிதல் என்று ஒழுங்கு தப்பாது. நான் செயலாளராக இருந்த தவணையில் "பல விடயங்கள் கலந்துரையாடப்பட்டன" என்று எழுதியிருந்தேன். ரீச்சர் சிவப்புப் பேனையால் அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டார். "என்ன விடயம் பிள்ளை? ஆர் கதைச்சது? என்ன முடிவு? காசு எவ்வளவு? நாளைக்கு நீர் இல்லாட்டி, வாற பிள்ளை இதைப் பாத்து என்ன செய்யும்?" அன்றைக்கு முழுப் பக்கத்தையும் திருப்பி எழுதினேன்.

தையலிலும் அவர் கை அப்படித்தான். வெள்ளைச் சீருடையின் பெட்டி மடிப்பைத் தைக்குமுன் சோக்கால் இரண்டு கோடு கீறி, குண்டூசி குத்தி, அழுத்தித் தேய்த்துக் காட்ட வேண்டும். மடிப்பு ஒரு நூல் அளவு சரிந்தாலும் தையலைப் பிரிக்கச் சொல்வார். அந்த வகுப்பிலிருந்துதான் துணியும் நூலும் எனக்கு உயிராயின. அகதியாக இங்கே வந்து தையல் தொழிற்சாலையில் துண்டுக் கணக்குக்கு இருந்த காலத்திலும், மெஷினில் கை வைத்தால் என் மனம் ஆறும். வேலையால் நின்ற பின் வன்னிக்குப் போய், இரண்டு பழைய மெஷின்களோடு ஒரு வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்குத் தைக்கப் பழக்கத் தொடங்கினேன். போரில் தகப்பனை இழந்த பிள்ளைகள், சாதாரணதரத்தோடு படிப்பை விட்டவர்கள். கேட்டு வந்த வேலையும் அந்தச் சீருடைதான். 1993 தொடக்கம் அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுத்துவருகிறது. தையற்கூலி பெற்றோர் தலையில். புதிய கல்வியாண்டு தொடங்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் வெட்டாத வெள்ளைத் துணி இருக்கும். ரீச்சரின் பெட்டி மடிப்பு அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது.

அந்த விறாந்தை வகுப்பைச் சங்கமாக்குவது என்று வந்தபோதுதான் உண்மையான பேச்சு எழுந்தது. பிரதேச செயலகத்தில் பதிவதற்கு யாப்பு வேண்டும், நிர்வாகக் குழு வேண்டும், வங்கியில் இரண்டு கையெழுத்து வேண்டும். "பொருளாளராக வயசான ஒராளைப் போடுங்கோ அக்கா, குமர்ப்பிள்ளையள் காசு விசயம் பாக்கிறது சரிவராது" என்று ஊரில் மரியாதைக்குரியவர்களே சொன்னார்கள். அவர்கள் அக்கறையோடுதான் சொன்னார்கள். நான் இணங்கவில்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒருவர் பொருளாளரானார். அவருடைய தாய் கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வரும் நுண்கடன்காரருக்குப் பயந்து பின்வளவால் போனதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். வடக்கில் அந்தக் கடன் பெண்களை எப்படி நெரித்தது என்பது உங்களுக்குத் தெரியும். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனுக்கு 2018இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. எங்கள் சங்கத்தின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் இந்தப் பொருளாளர்தான்: ஒருவருக்கும் கடன் கொடுப்பதில்லை, மெஷின்கள் சங்கத்துக்குச் சொந்தம், தைக்கிற பிள்ளை கூலியில் சிறு பங்கைச் சங்கத்துக்குக் கட்டினால் போதும். எனக்குத் தோன்றாத யோசனை அது. கடன்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளைக்குத்தான் அது தோன்றும்.

கூட்டறிக்கையும் அவர்களே எழுதுகிறார்கள். நூல் எத்தனை கோன், ஓவர்லொக் மெஷினுக்கு என்ன திருத்தம், யார் கலியாணமாகிப் போகிறார், அவருடைய இடத்துக்கு யார் என்று எல்லாம் இருக்கும். நான் கனடாவில் இருக்கும் மாதங்களிலும் வேலை நிற்பதில்லை. சிலர் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்குத் தோற்றிச் சித்தியடைந்து ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். ஒருவர் பரந்தன் பக்கம் சொந்தக் கடை வைத்திருக்கிறார். போகிறவர்களைத் தடுத்து வைக்க வேண்டும் என்று எங்கள் யாப்பில் ஒரு வரியும் இல்லை.

இங்கே கனடாவில் எங்கள் பழைய மாணவிகள் சங்க உறவுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊருக்கு உதவ நினைக்கும் பலர் காசைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார்கள். மனம் பெரிது, ஆனால் அடுத்த ஆண்டுக்கு அது நிலைக்காது. கனடாவில் பதிவுசெய்த அறக்கட்டளை என்றால்தான் வரிவிலக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்கலாம். வெளிநாட்டில் செலவாகும் ஒவ்வொரு டொலருக்கும் கணக்குக் காட்ட வேண்டும். 2022இல் வருமான வரிச் சட்டத்தைத் திருத்தி, தகுந்த கண்காணிப்போடு வெளிநாட்டு அமைப்புகளுக்கு மானியம் கொடுக்க வழி செய்திருக்கிறார்கள். ஊரில் சுத்தமாகக் கணக்கு எழுதும் ஒரு சிறு சங்கத்துக்கு இது பெரிய வாசல். எங்கள் பொருளாளரின் கணக்குப் புத்தகத்தை இங்குள்ள கணக்காளர் ஒருவர் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் திருப்பித் தந்தார். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல.

ரீச்சர் இப்போது இல்லை. அவருடைய பெயரைச் சங்கத்துக்கு வைக்க நான் கேட்டேன். பிள்ளைகள் கூட்டத்தில் பேசி, வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய ஊர்ப் பெயர் அது; அதுவே சரி.

இனி ஆங்கிலமும் கணினிக் கணக்கும் பழக வேண்டும் என்று அவர்கள் சென்ற கூட்டத்தில் தீர்மானித்திருக்கிறார்கள். கணக்கியல் படித்த, அல்லது வங்கியில் இருந்த பழைய மாணவிகள் எங்களுக்குள் பலர் இருக்கிறீர்கள். சனிக்கிழமை காலை, அங்கே பின்னேரம், வட்ஸ்அப்பில் ஒரு மணித்தியாலம் இருந்து சொல்லிக்கொடுக்க முடிந்தால் எங்கள் பழைய மாணவிகள் சங்கச் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள். எப்போது, எதிலிருந்து தொடங்குவது என்பதைப் பிள்ளைகளே உங்களுக்கு அழைத்துச் சொல்வார்கள்.