தெற்கு பார்த்த வீடு

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் நாங்கள் கொண்டாடிய முதல் பொங்கலன்று, காலை எட்டு மணிக்குப் பால் பொங்கியபோது சன்னலுக்கு வெளியே இன்னும் விண்மீன்கள் தெரிந்தன. விருதுநகர் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் அப்போது இரவு பத்தரை மணி. நான் பொங்கல் வைத்ததைக் கேட்ட பிறகே படுப்பேன் என்று விழித்திருந்த அம்மா, “சூரியன் வந்துட்டாரா தாயி?” என்று கேட்டார். அவர் வர இன்னும் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “வந்துக்கிட்டே இருக்காரும்மா” என்று சொல்லிவிட்டுக் குலவையிட முயன்றேன், தொண்டை அடைத்துக்கொண்டது.

என் கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்து நாங்கள் இங்கே புறப்பட்டபோது, தெரிந்தவர்கள் அனைவரும் குளிரைப் பற்றியே எச்சரித்தார்கள். குளிருக்கு வழி உண்டு. இந்த ஊர் அதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. வண்டி நிறுத்துமிடங்களில் மின்செருகிகள் வரிசையாக நிற்கின்றன. இரவெல்லாம் உறைந்த எஞ்சின் காலையில் கிளம்ப வேண்டுமானால், அதில் பொருத்தியுள்ள சூடேற்றியை அவற்றில் செருகி வைக்க வேண்டும். செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒரே எண்ணைக் காட்டும் −40 இங்கே ஏட்டில் மட்டும் இருக்கும் கணக்கு அன்று. அவ்வளவு குளிரும் நாட்களில் புகைபோக்கிகளும் வண்டிகளும் விடும் நீராவி காற்றிலேயே உறைந்து, பனிமூட்டமாகத் தெருவை மறைத்துவிடும். பள்ளிப் பிள்ளைகளை ஏறத்தாழ −29 செல்சியஸ் வரை வெளியே விளையாட விடுவார்கள் என்று அறிந்தபோது பதறினேன். என் மகளோ இரண்டாவது வாரமே ஓடத் தொடங்கிவிட்டாள்.

யாரும் எச்சரிக்காதது வெளிச்சத்தைப் பற்றித்தான். எங்கள் ஊரில் ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூடப் பதினொன்றரை மணி நேரம் நீளும். மிக நீண்ட பகலுக்கும் அதற்கும் ஒரு மணி நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலான வேறுபாடுதான். ஃபேர்பேங்க்ஸிலோ டிசம்பர் 21 அன்று பகல் நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. அக்கினி நட்சத்திரத்தில் நிழல் தேடி ஒதுங்கியும், முந்தானையால் முக்காடிட்டும், வெயிலைத் திட்டியும் வளர்ந்த எனக்கு, அதே வெயில் கிடைக்காமல் உடம்பும் மனமும் சோரும் என்பது எப்படித் தெரிந்திருக்கும்? மருத்துவர் வைட்டமின் டி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை விழுங்கும்போதெல்லாம் மொட்டைமாடியின் சூடு உள்ளங்காலில் ஏறுவதுபோலிருக்கும்.

ஆகவே, இங்கே வர எண்ணுபவர்கள் கம்பளிச் சட்டைக்கு முன்பாக வீட்டின் இருப்பிடத்தை யோசிக்க வேண்டும் என்பேன். நாங்கள் முதலில் வாடகைக்கு எடுத்த வீடு ஒரு குன்றின் வடபுறத்து அடிவாரத்தில் இருந்தது. குளிர்காலம் முழுவதும் அதன்மேல் ஒரு கதிர்கூட விழவில்லை. காற்றசைவில்லாத நாட்களில் கனத்த குளிர்காற்று பள்ளத்தில் தேங்கிவிடுவதால், மேட்டிலுள்ள வீடுகளைவிட எங்கள் வீடு பல பாகை கூடுதலாகக் குளிர்ந்தது. வெயில் படாத வடசரிவுகளிலும் தாழ்நிலத்திலும் மண்ணுக்கடியில் ஆண்டு முழுவதும் உருகாத உறைநிலம் இருக்கும். வீட்டின் சூட்டில் அது இளகினால் அடித்தளம் அமிழ்ந்து சுவர் சாயும். வெயில் படும் தென்சரிவுகளில் பெரும்பாலும் அந்தத் தொல்லை கிடையாது. குழாயே இல்லாமல், கேனில் தண்ணீர் சுமந்து வாழும் மரவீடுகளும் இங்கே வாடகைக்குக் கிடைக்கும்; வாடகை குறைவென்று மயங்கிக் கையெழுத்திடும் முன் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மாநில வருமான வரி இல்லை. நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்துடன் ஒரு முழு ஆண்டு வசித்துத் தகுதி பெற்றவர்களுக்கு, எண்ணெய் வருவாயில் உருவான நிதியிலிருந்து 1982 முதல் ஈவுத்தொகை தரப்படுகிறது. ஆனால், சிறப்பு மருத்துவர் வேண்டுமென்றால் சுமார் 580 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆங்கரேஜுக்கோ, விமானமேறி சியாட்டிலுக்கோ போக நேரிடலாம். உளுந்தும் இட்லி அரிசியும் அஞ்சலில் வந்து சேரும்வரை பொறுமை வேண்டும். சில கடைகள் அலாஸ்கா என்றதுமே அனுப்ப மறுத்துவிடும்.

மறு ஆண்டு தென்சரிவில், தெற்கு பார்த்த வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். அந்தப் பொங்கலுக்குச் சூரியன் வரும்வரை காத்திருப்பது என்று முடிவுசெய்து, கிழக்கு நோக்கிப் பானையை வைத்தேன். பத்தரை மணியளவில் சூரியன் எழுந்தது; ஆனால் கிழக்கில் எழவில்லை. குளிர்காலத்தில் இந்த அட்சரேகையில் அது கிழக்கைவிடத் தெற்குக்கே நெருக்கமான ஓரிடத்தில் தலைகாட்டி, அலாஸ்கா மலைத்தொடரின் மேலாகத் தாழ்வாகவே நகர்ந்து மறைந்துவிடும். நள்ளிரவு தாண்டியும் தொலைபேசியில் காத்திருந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். தெற்கு எமன் திசையாயிற்றே என்று அவர் தயங்குவார் என எதிர்பார்த்தேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “அவரு எந்தப் பக்கம் வர்றாரோ, அந்தப் பக்கம் திருப்பி வச்சுக் கும்பிடு தாயி” என்றார். பானையை இரு கைகளாலும் பிடித்துத் திருப்பினேன்.

இப்போது எல்லாம் பழகிவிட்டது என்றே எல்லாரிடமும் சொல்கிறேன். ஆயினும் ஜூன் வந்து பகல் ஏறக்குறைய 22 மணி நேரம் நீளும்போது, அவ்வளவு வெயிலும் வீணாகிறதே என்று மனம் கிடந்து தவிக்கிறது. ஊரிலானால் அம்மா மாடியில் பழைய வேட்டியை விரித்து, விடியற்காலையில் கூழ் காய்ச்சி வடகம் ஊற்றியிருப்பார். கையில் குச்சியுடன் நான் காக்காய்க்குக் காவல் இருந்திருப்பேன். சென்ற ஜூனில் நானும் முற்றத்தில் வேட்டியை விரித்து ஊற்றினேன். மாலை ஏழு மணிக்கும் வெயில் சரியவில்லை. குச்சியுடன் காவலிருந்த மகள் கூவியபடி ஓடிவந்தாள். குளிர்காலத்திலும் இந்த ஊரைவிட்டுப் போகாத அண்டங்காக்கை ஒன்று, ஓரத்து வடகத்தைக் கொத்திக்கொண்டு எதிர்வீட்டுக் கூரையில் அமர்ந்திருந்தது. காணொளி அழைப்பில் அம்மாவுக்கு அதைக் காட்டினேன். “எடுத்துட்டுப் போகட்டும், விடு” என்று சொல்லி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.